பழைய சமையலறை அலமாரிகளைப் புதுப்பித்தல்

குறைந்த செலவில் சமையலறை அலமாரியைப் புதுப்பித்தல் என்பது, சுவரோடு பொருத்திய பெட்டிகளை அப்படியே விட்டு, கதவு, கைப்பிடி, கீல் போன்றவற்றை மட்டும் சீர்செய்வதாகும். பெட்டி உறுதியாக இருந்தால்தான் இது பயன் தரும்.

ஆகவே முதலில் பார்க்க வேண்டிய இடம், பாத்திரம் கழுவும் தொட்டியின் அடிப்பகுதி. மரத்துகளைப் பசையிட்டு அழுத்திச் செய்த பலகை, நீர் பட்டு உப்பினால் காய்ந்த பின்னும் பழைய நிலைக்குத் திரும்பாது. திருகாணியும் அதில் நிற்காது. அதன்மேல் பெயின்ட் அடிப்பது வீண் செலவே. நீர்க்கசிவை நிறுத்திய பிறகு, அந்தப் பலகையை மட்டும் பிளைவுட்டால் மாற்றலாம். ஐ.எஸ். 710 என்ற இந்தியத் தரக்குறியீடு ஈரம் தாங்கும் மரைன் பிளைவுட்டைக் குறிக்கும். விலை சற்றுக் கூடுதல்தான். ஆனால் தொட்டிக்கு அடியில் மட்டும் தேவைப்படுவது சிறு துண்டு.

சன்மைக்கா ஒட்டிய கதவுகளுக்கும் பெயின்ட் அடிக்கலாம். எண்ணெய்ப் பிசுக்கைச் சோப்புநீரால் நீக்கி, நன்கு உலர்த்தி, பளபளப்பு மங்கும்வரை 220 எண் உப்புத்தாளால் தேய்த்து, வழவழப்பான பரப்பிலும் பிடிக்கும் பிரைமர் பூச வேண்டும். அடுப்பை ஒட்டிய கதவுகளில் தாளிப்பின் எண்ணெய் படிந்திருக்கும். அங்கே அவசரப்பட்டால் பெயின்ட் உரிந்துவிடும்.

புதிய கைப்பிடி வாங்குமுன் பழைய துளைகளின் இடைவெளியை அளந்துகொள்ளுங்கள். 96, 128 மி.மீ. அளவுகள் பரவலாகக் கிடைக்கின்றன. அளவு பொருந்தினால் புதிதாகத் துளையிட வேண்டியதில்லை.