சாரையை விட்டுப் புற்றை நோக்குதல்

வடகிழக்குப் பருவமழையில் மண்ணறைகளுக்குள் நீர் புகும்போது, ஆர்.கே.பேட்டை போன்ற ஊர்களில் முற்றத்திலும் சுவரடியிலும் புற்று வைத்திருக்கும் எறும்புகள், முட்டைகளையும் புழுக்களையும் கவ்விக்கொண்டு மேட்டிடம் தேடி வீட்டுக்குள் ஏறுகின்றன. அப்போது சாரையின் மீது பொடி தூவுவதும் எறும்புச் சாக்பீஸால் கோடு இழுப்பதும் உடனே பலன் தருவதாகத் தோன்றினாலும், வெளியே திரிபவை உழைப்பாளி எறும்புகளில் ஒரு சிறு பகுதியே என்பதால், உள்ளிருந்து முட்டையிடும் அரசி அந்த இழப்பை விரைவில் ஈடுசெய்துவிடுகிறது. பல அரசிகளைக் கொண்ட பாரோ எறும்பு என்னும் மிகச்சிறிய மஞ்சள் வீட்டெறும்போ, விரட்டும் மருந்து பட்டால் கூட்டம் கூட்டமாகப் பிரிந்து புதுப்புதுப் புற்றுகளை அமைத்துக்கொள்கிறது. முன்பு தாராளமாகத் தூவப்பட்ட பி.எச்.சி. பொடி, மண்ணிலும் உயிர்களின் கொழுப்பிலும் நெடுங்காலம் தங்கும் நஞ்சு என்பதால், 1997-இல் இந்தியாவில் தடை செய்யப்பட்டது.

எறும்பின் உடலில், தான் செரிக்கும் வயிற்றுக்கு முன்னால், பிறருக்கென உணவைச் சேர்த்துவைக்கும் பை ஒன்று உண்டு. சமூக வயிறு எனப்படும் இதிலிருந்து அது வாயோடு வாய் வைத்து மற்ற எறும்புகளுக்கு ஊட்டுவதால், ஓர் எறும்பு உண்டது அரசி வரை சென்றடைகிறது. மெதுவாகக் கொல்லும் நஞ்சை இரையில் கலந்து வைக்கும் முறை இந்த இயல்பையே பயன்படுத்துகிறது. 100 மில்லி நீரில் 10 கிராம் சர்க்கரையும், கேரம் பலகையில் தூவும் போரிக் பவுடரில் 1 கிராமுக்கு மிகாமலும் கரைத்து, பஞ்சில் நனைத்துச் சாரையின் ஓரத்தில் வைத்தால் போதும்; அளவு கூடினால் உழைப்பாளி புற்றைச் சேருமுன்பே இறந்துவிடும் என்பதால் இங்கே சிக்கனமே பலன் தரும். குழந்தைகளுக்கும் வளர்ப்பு விலங்குகளுக்கும் அது எட்டவே கூடாது. இரை வைத்த நாள்களில் சாரை பெருகுவது இயல்பு. அதைக் கண்டு மருந்தடித்தால் முயற்சி முழுவதும் வீணாகும்.

புற்றைப் பெருக்குவது பெரும்பாலும் வெளியேயுள்ள உணவே. அசுவினியும் மாவுப்பூச்சியும் செடியின் சாற்றை உறிஞ்சி வெளியேற்றும் இனிப்பு நீருக்காக, எறும்புகள் அவற்றைப் பொறிவண்டு முதலிய எதிரிகளிடமிருந்து காக்கின்றன. 2022-இல் திண்டுக்கல் மாவட்டம் நத்தம் அருகே கரந்தமலைச் சிற்றூர்களில் கால்நடைகளின் கண்களில் பார்மிக் அமிலத்தைப் பீய்ச்சி மக்களைத் துயருறச் செய்த மஞ்சள் பைத்திய எறும்பும் இத்தகைய இனிப்பு நீரை நாடும் இனமே. இந்தியப் பெருங்கடலிலுள்ள கிறிஸ்துமஸ் தீவில் கோடிக்கணக்கான செந்நண்டுகளை அது கொன்றபின், எறும்பைத் தாக்காமல் அதற்கு இனிப்பு நீர் தரும் செதில்பூச்சியைத் தாக்கும் சிறு குளவி ஒன்றை மலேசியாவிலிருந்து கொண்டுவந்து 2016 டிசம்பரில் அங்கே விட்டனர். வீட்டுத் தோட்டத்திலும் இதே வரிசைதான் பொருந்தும்: செம்பருத்தியில் படிந்த மாவுப்பூச்சியை நீரைப் பீய்ச்சிக் கழுவி, சுவரைத் தொடும் கிளைகளை வெட்டிய பிறகே இரை வைக்க வேண்டும். வீட்டுக்குள் வராமல், மண்ணைக் கிளறிக் காற்றோட்டம் தந்து, கறையானையும் வேட்டையாடும் தோட்டத்து எறும்புகளை அவற்றின் போக்கில் விட்டுவிடலாம்.