ஐப்பசியில் வரும் ஆர்டர்

கார்த்திகை தீபத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது மொத்த வியாபாரி ஒருவர் போன் செய்து, போன வருஷத்தைவிடக் கால் பங்கு அகல் விளக்கு கூடுதலாக வேண்டும் என்கிறார். விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறை அதை எத்தனை நாளில் பெட்டியில் அடுக்கித் தரும்? ‘பார்க்கலாம்’ என்ற பதில் இதற்குப் போதாது. பத்து நாளா, இருபதா, முப்பதா என்று ஓர் எண் வேண்டும். ஒரு பீங்கான் ஊரின் பலத்தைச் சூளைகளின் எண்ணிக்கையை வைத்து எடைபோடுவதைவிட இந்த எண்ணை வைத்து எடைபோடுவதே சரி என்று உறுதியாக நம்புகிறேன்.

விருத்தாசலத்துக்கு இந்தத் தொழிலைக் கொடுத்தது மண். பக்கத்து நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்காகத் தோண்டும்போது களிமண்ணும் வெளிவருகிறது. குவார்ட்ஸும் ஃபெல்ஸ்பாரும் நாமக்கல், கரூர்ப் பக்கம் கிடைக்கின்றன. ஊரோ ரயில் சந்திப்பு. செராமிக் தொழிற்பேட்டையும், இந்தத் தொழில்நுட்பத்தைக் கற்றுத்தரும் அரசு நிறுவனமும் இங்கே வந்தது அப்படித்தான். இத்தனை வசதி இருந்தும் இரண்டு பெரிய சந்தைகள் கண்ணெதிரே சுருங்கின. பாதாளச் சாக்கடைக்கான ஸ்டோன்வேர் பைப் இங்கே அரசு ஆலையிலேயே தயாரானது. பிவிசி குழாய் வந்து அதை ஓரங்கட்டியது. வீட்டுக்கு வீடு மீட்டர் பலகையில் இருந்த வெள்ளைப் பீங்கான் ஃபியூஸ் கேரியரின் இடத்தை எம்சிபி என்ற தானியங்கி சுவிட்ச் பிடித்தது. இரண்டுமே மெல்ல, வருஷக்கணக்கில் நடந்த மாற்றங்கள். எவ்வளவு வேகமாக மாற வேண்டும், நம்மால் எவ்வளவு வேகமாக மாற முடியும் என்ற கணக்கு கையில் இல்லாவிட்டால், மெல்ல வரும் மாற்றமும் தொழிலைச் சாய்த்துவிடும்.

அளப்பதற்கு ஒரு வழி ஏற்கெனவே இருக்கிறது. 1996இல் அமெரிக்காவில் தொடங்கிய சப்ளை செயின் கவுன்சில், நிறுவனங்களுக்காக ‘ஸ்கோர்’ என்ற அளவுமுறையை வகுத்தது. அதில் ஒரு கேள்வி இருந்தது: எதிர்பாராமல் தேவை 20 சதவீதம் கூடி, அது அப்படியே நீடித்தால், அதைத் தொடர்ந்து கொடுக்கும் நிலைக்கு வர எத்தனை நாள் ஆகும்? பெரிய கம்பெனிகளை மனதில் வைத்துக் கேட்ட கேள்விதான். ஆனாலும் பத்துப் பேர் வேலை செய்யும் பட்டறைக்கு அது அப்படியே பொருந்தும்.

அந்த நாட்கள் எங்கே போகின்றன? சூளை நெருப்பில் என்றுதான் பலரும் நினைப்பார்கள். நெருப்பை அவசரப்படுத்த முடியாது என்பது உண்மைதான். ஸ்டோன்வேர் எனும் கல்மண் பாண்டம் சுமார் 1200 டிகிரி வெப்பத்தில் வேக வேண்டும். ஆறும்போதும் பொறுமை வேண்டும்: 573 டிகிரியில் குவார்ட்ஸின் படிக அமைப்பு மாறி அதன் கன அளவு சட்டென்று சுருங்கும், அந்தக் கட்டத்தை வேகமாகக் கடந்தால் பாண்டம் விரிசல் விடும். ஆனால் சூடேற்றி, வேகவைத்து, ஆறவைத்து எடுக்க ஆவது சில நாட்கள். மற்ற நாட்களெல்லாம் காத்திருப்பிலேயே கரைகின்றன. ஈரம் குடித்த பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சு உலர வேண்டும். அச்சிலிருந்து எடுத்த பச்சைப் பொருள் உலர வேண்டும். உலர்ந்த பிறகும், சூளை நிறையும் அளவுக்குச் சரக்கு சேரும்வரை கிடக்க வேண்டும். பாதி காலியாகச் சூளையைப் பற்றவைத்தால் எரிபொருள் செலவு கட்டாது. நவராத்திரி, தீபாவளி, கார்த்திகை என்று விற்பனை உச்சத்துக்குப் போகும் நேரத்தில் வடகிழக்குப் பருவமழையும் வந்துவிடும். கடலூர் மாவட்டத்தில் ஐப்பசி அடைமழைக்குள் களிமண்ணை உலர்த்துவது எவ்வளவு பாடு என்று அங்கே வேலை செய்பவர்களைத்தான் கேட்க வேண்டும்.

இந்தக் காத்திருப்பைக் கணக்கிடக் கணினி தேவையில்லை. ஜான் லிட்டில் என்ற ஆய்வாளர் 1961இல் நிரூபித்த ஒரு சூத்திரம் போதும்: பட்டறைக்குள் பாதி வேலையில் கிடக்கும் பொருட்களை, ஒரு நாளில் முடிந்து வெளியேறும் பொருட்களால் வகுக்க வேண்டும். உதாரணத்துக்கு, தரையிலும் பலகையிலும் 6,000 விளக்குகள் கிடக்கின்றன, நாளுக்கு 300 முடிந்து வெளியேறுகின்றன என்றால், இன்று அச்சில் ஊற்றிய விளக்கு பெட்டிக்குப் போகச் சராசரியாக 20 நாள். கிடப்பதை 3,000ஆகக் குறைத்துவிட்டு அதே 300ஐ வெளியேற்ற முடிந்தால் 10 நாள். இதற்கு ஆள் கூட்ட வேண்டாம், புதுச் சூளையும் வேண்டாம்.

விளக்கோடு இங்கே செய்யும் பொம்மைக்கு இன்னொரு உத்தி இருக்கிறது. இத்தாலியின் பெனட்டன் கம்பெனி, நூலுக்குச் சாயம் போட்டு ஸ்வெட்டர் பின்னும் வழக்கத்தை மாற்றி, வெள்ளையாகப் பின்னி வைத்துக்கொண்டு, எந்த நிறம் விற்கிறது என்று பார்த்த பிறகு சாயம் ஏற்றியது. பீங்கான் பொம்மையிலும் இது முடியும். வெயில் காயும் சித்திரை, வைகாசியில் வெள்ளைப் பொம்மைகளைச் சுட்டு அடுக்கிவிட்டு, வண்ணத்தை ஆர்டர் வந்த பிறகு தீட்டலாம். மழை நாளில் தூரிகை வேலை மட்டும்தான் மிச்சமிருக்கும். கையிருப்பில் முடங்கும் பணத்துக்குக் குறைந்த வட்டியில் கடன் கிடைத்தால்தான் சிறு பட்டறைகள் இதில் இறங்க முடியும். அதில் வங்கிகளுக்கும் பங்கு உண்டு.

வேகம் தனிப் பட்டறையின் கையில் மட்டும் இல்லை என்பதற்குக் குஜராத்தின் பீங்கான் ஊரான மோர்பியைப் பார்க்கலாம். 2019 மார்ச்சில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் அங்கே நிலக்கரியிலிருந்து வாயு தயாரிக்கும் கலன்களை மூடச் சொன்னது. டைல்ஸ் ஆலைகள் வேகமாகக் குழாய் எரிவாயுவுக்கு மாறின. ஆலை வாசல்வரை குழாய் முன்பே வந்திருந்ததால்தான் அந்த வேகம் சாத்தியமானது. முதலாளிகளின் சுறுசுறுப்பு மட்டும் அதைச் சாதித்திருக்காது. விருத்தாசலத்திலும் தனிப் பட்டறை ஒவ்வொன்றையும் வேகமாக ஓடச் சொல்வதில் நியாயமில்லை. ஆறும் சூளையின் வெப்பத்தை இழுத்து மழையிலும் ஓடும் பொது உலர்த்தறை ஒன்று, நாலைந்து பட்டறைகள் சரக்கைச் சேர்த்து நிரப்பும் பொதுச் சூளை ஒன்று, இவை இரண்டும் தொழிற்பேட்டைக்குள் வந்தால் காத்திருப்பின் பெரும்பகுதி குறையும்.

அதற்குக் கோரிக்கை வைக்க ஆதாரம் வேண்டும். ஆர்டர் வந்த நாள், அச்சில் ஊற்றிய நாள், சூளைக்குள் போன நாள், லாரி ஏறிய நாள் என்று நான்கு தேதிகளை ஒவ்வொரு ஆர்டருக்கும் ஒரு நோட்டில் எழுதினால் போதும். ஊரிலேயே செராமிக் படிக்கும் மாணவர்கள் இருக்கிறார்கள். ஆளுக்கு ஒரு பட்டறையாக, ஆடியிலிருந்து கார்த்திகைவரை இந்தத் தேதிகளைக் குறித்துத் தருவதை அவர்களுடைய இறுதியாண்டு புராஜெக்டாகவே வைக்கலாம்.