உர ஏஜென்சியை உதறிய வாத்தியார்!

டி.வி.யில் 'ராமாயணம்' ஓடிய காலத்தை அப்பாவிடம் கேட்டுப் பாருங்கள். 1987, 88-ல் ஞாயிற்றுக்கிழமை காலை என்றால் தெருவில் ஈ, காக்காய் இருக்காது. டி.வி. இல்லாத வீட்டுக்காரர்கள் எல்லாரும் டி.வி. இருக்கிற வீட்டு வாசலில்! 2020 ஊரடங்கின்போது தூர்தர்ஷன் அதைத் திரும்பவும் போட, பேரன்களும் உட்கார்ந்து பார்த்தார்கள்.

அந்த அயோத்தியும் இலங்கையும் செட் போடப்பட்ட ஊர் உம்பர்காவ். மும்பையிலிருந்து சூரத் போகிற ரயில், மகாராஷ்டிர எல்லையைத் தாண்டி குஜராத்துக்குள் நுழைந்ததும் வருகிற ஊர். அங்கே ஸ்டுடியோவில் பெயிண்ட் அடித்து அசோகவனம் உண்டாக்கினார்கள். பக்கத்திலேயே, அரபிக் கடலோரம், டெஹ்ரி என்கிற கிராமத்தில், பெயிண்ட் எதுவும் இல்லாமல் ஒரு பெரியவர் நிஜ வனம் ஒன்றை உண்டாக்கி வைத்திருந்தார். 14 ஏக்கர். பெயர், 'கல்பவிருட்சம்'.

அந்தப் பெரியவர்தான் பாஸ்கர் சாவே. பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். 'சாவே' என்பது அந்தப் பக்கத்துக் குடும்பப் பெயர். மனுஷர் 93 வயது வரை ஜம்மென்று வாழ்ந்தார். மண்ணையும் வாழ வைத்தார். 2015 அக்டோபர் 24-ம் தேதி காலமானபோது, இந்தியா முழுக்க இருக்கிற இயற்கை விவசாயிகள் "எங்க வாத்தியார் போய்ட்டாரு" என்றுதான் வருத்தப்பட்டார்கள். அப்படிச் சொன்னதில் நியாயம் இருக்கிறது. அவர் நிஜமாகவே வாத்தியார்!

சாக்பீஸும் மண்வெட்டியும்

1922 ஜனவரி 27-ல் அதே டெஹ்ரி கிராமத்தில் பிறந்தவர். விவசாயக் குடும்பம். நெல், பயறு, காய்கறி என்று வீட்டுக்கு வேண்டியதை நிலமே கொடுத்த காலம். படித்தார், ஆசிரியர் பயிற்சி முடித்தார், ஆரம்பப் பள்ளியில் வாத்தியார் ஆனார். பத்து வருஷம் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தார். கூடவே விவசாயம்.

நம்ம ஊர்ப் பக்கமும் இப்படி வாத்தியார்களைப் பார்த்திருப்பீர்கள். காலையில் வயலில் தண்ணீர் பாய்ச்சிவிட்டு, காலில் சேறு காயாமலே வகுப்புக்கு வந்து வாய்ப்பாடு கேட்பவர்கள். அடியும் கிடைக்கும், அறுவடைக் காலத்தில் ஒரு கரும்பும் கிடைக்கும்!

ஐம்பதுகளில் ரசாயன உரம் கிராமங்களுக்குள் வர ஆரம்பித்தது. படித்தவர், சொன்னால் புரிந்துகொள்பவர், ஊரில் மரியாதை உள்ளவர். உரக் கம்பெனி வேறு யாரைத் தேடும்? சாவே உரம் போட்டார். விளைச்சல் எகிறியது. 'மாதிரி விவசாயி' என்று பெயர் வந்தது. உர விற்பனைக்கு ஏஜென்சியும் கிடைத்தது. வாத்தியார் சொன்னால் ஊர் கேட்கும், மூட்டைக்கு இவ்வளவு என்று கமிஷன். இதைவிட வசதியான வாழ்க்கை வேண்டுமா என்ன?

இங்கேதான் ஆசாமி கணக்கு போட்டார்.

வரவு பெருசா, மிச்சம் பெருசா?

ஒரு உதாரணம் பார்ப்போம். எண்கள் நாமாகப் போட்டுக்கொண்டவைதான். ஒரு வயலில் 1,000 ரூபாய்க்கு விளைகிறது. உரம், மருந்து, கூலி என்று செலவு 600. மிச்சம் 400. பக்கத்து வயலில் உரம் இல்லை. விளைச்சல் குறைவு, 800 ரூபாய்தான். ஆனால் செலவு 300. மிச்சம் 500!

ஊர் எந்த வயலை வேடிக்கை பார்க்கும்? ஆயிரம் விளைந்ததைத்தான். பேப்பரில் போட்டோ வருவதும் அதற்குத்தான். வீட்டில் உலை கொதிக்க வைப்பது என்னவோ மிச்சம்.

சாவே பார்த்தது இதைத்தான். வருஷா வருஷம் அதே விளைச்சலை எடுக்க, முன்னைவிட அதிக உரம் கொட்ட வேண்டியிருந்தது. விளைச்சல் கண்ணுக்குத் தெரிகிறது, பணம் கையில் தங்கவில்லை. உரத்தைக் குறைத்துப் பார்த்தார். விளைச்சல் இறங்கியது. ஆனால் செலவு அதைவிட வேகமாக இறங்கியது. மெல்ல மெல்ல ரசாயனத்தை விட்டார். ஏஜென்சியையும் விட்டார்.

யோசித்துப் பாருங்கள். "உரம் போடுங்க" என்று ஊருக்கு அவரே சிபாரிசு செய்திருந்தார். கமிஷனும் வாங்கியிருந்தார். பேசாமல் இருந்திருந்தால் யாரும் கேட்டிருக்கப் போவதில்லை. "நான் சொன்னது சரியில்லை" என்று ஊருக்குத் தெரியும்படி நடந்து காட்ட எத்தனை பேருக்கு மனசு வரும்? மாணவன் நோட்டில் சிவப்பு மை அடிப்பது சுலபம். தன் நோட்டிலேயே அடித்துக்கொண்ட வாத்தியார் இவர்.

சோம்பேறித்தனம் இல்லை, சாமர்த்தியம்!

அதற்கப்புறம் அரை நூற்றாண்டுக்கும் மேலாக அவர் செய்ததைப் பார்த்தால், "இது என்னங்க, ஒண்ணுமே பண்ணாம விவசாயமா?" என்று தோன்றும்.

விவசாயிக்கு ஐந்து தலைவலி. உழவு, உரம், களை, தண்ணீர், பூச்சி. ஐந்தையும் முடிந்தவரை இயற்கையின் தலையிலேயே கட்டிவிடுவது சாவேயின் வழி. உழவுக்கு மண்புழு இருக்கிறது. இரவு பகல் ஓவர்டைம் பார்க்கும், போனஸ் கேட்காது. உரத்துக்கு, உதிர்ந்த இலை தழை. களைக்கு நிழல். வெயில் தரையில் விழுந்தால்தானே களை முளைக்கும்? பூச்சிக்கு, அதைத் தின்கிற இன்னொரு பூச்சியும் பறவையும். விஷம் அடித்தால் இவையும் சேர்ந்து போய்விடும்.

தண்ணீர் விஷயத்தில் அவர் செய்தது ரொம்ப எளிமை. மரங்கள் மேட்டுப் பாத்தியில் நிற்கும். தண்ணீர் விடுவதோ மரத்தடியில் இல்லை. கொஞ்சம் தள்ளி, நடுவில் ஓடுகிற வாய்க்காலில். வேருக்கு வேண்டியது ஈரம்தான், குளியல் இல்லை என்பது அவர் கட்சி. வேர் ஈரத்தைத் தேடிக்கொண்டு பரவும். பம்ப்செட்டுக்கும் ஓய்வு.

சரி, தென்னை காய்க்க ஆறேழு வருஷம் ஆகுமே, அதுவரை வயிற்றுக்கு? அதற்கும் கணக்கு உண்டு. பயிர்களை மூன்றாகப் பிரித்தார். காய்கறி, பயறு மாதிரி கொஞ்ச நாளே வாழ்பவை. வாழை, பப்பாளி மாதிரி நடுத்தர ஆயுசு உள்ளவை. தென்னை, சப்போட்டா மாதிரி நீண்ட ஆயுசு உள்ளவை. மூன்றையும் ஒன்றாக நட்டால், முதல்வகை இந்த வருஷச் செலவைப் பார்த்துக்கொள்ளும். இரண்டாவது அடுத்த சில வருஷங்களை. அது ஓய்கிற நேரத்தில் மூன்றாவது எழுந்து நிற்கும். மாசச் சம்பளம், ரெக்கரிங் டெபாசிட், பென்ஷன். அவ்வளவுதான் விஷயம். ஆபீஸ்காரர்களுக்கு இதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்வது!

14 ஏக்கரில் சுமார் பத்து ஏக்கர் இந்தக் கலப்புத் தோப்பு. சுமார் இரண்டு ஏக்கரில் நெல், பயறு என்று வீட்டுச் சாப்பாட்டுக்கான பயிர். நெல் என்றால் 'நவாபி கோலம்' என்கிற நாட்டு ரகம். மிச்ச இடத்தில் தென்னங்கன்று நர்சரி. மரத்துக்கு வருஷம் 350 காய்க்கு மேல் என்று சாவே சொன்ன கணக்கைக் கேட்டு, வந்தவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள். 'ஒற்றை வைக்கோல் புரட்சி' எழுதிய ஜப்பானின் மசானபு ஃபுகுவோகா தொண்ணூறுகளில் வந்து சுற்றிப் பார்த்துவிட்டு, இதுதான் உலகிலேயே சிறந்த பண்ணை என்று புகழ்ந்துவிட்டுப் போனார். 2010-ல் சர்வதேச இயற்கை வேளாண் அமைப்புகளின் கூட்டமைப்பு அவருக்கு வாழ்நாள் சாதனை விருது கொடுத்தது.

பள்ளிக்கூட வேலையை எப்போதோ விட்டிருந்தாலும் வகுப்பு நிற்கவில்லை. சனிக்கிழமை மதியம் என்றால் தோட்டத்துக் கதவு எல்லாருக்கும் திறந்திருக்கும். யார் வேண்டுமானாலும் வரலாம், சுற்றலாம், கேள்வி கேட்கலாம். ஃபீஸ் கிடையாது. கரும்பலகை இருந்த இடத்தில் இப்போது மண்.

கும்பகோணத்துக்காரருக்கு ஒரு கடிதம்

2006 ஜூலையில், 84 வயதில், சாவே ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். யாருக்கு? அப்போது தேசிய விவசாயிகள் ஆணையத்தின் தலைவராக இருந்த எம்.எஸ்.சுவாமிநாதனுக்கு. நம்ம கும்பகோணத்தில் பிறந்த, பசுமைப் புரட்சியின் நாயகனுக்கு!

காரமான கடிதம். இந்த மண் பாழானதற்கும் விவசாயி கடனாளி ஆனதற்கும் நீங்கள் காட்டிய பாதைதான் காரணம் என்று நேருக்கு நேர் கேட்டார். ரசாயன முறையில் ஒரு ஏக்கர் கரும்புக்குப் பாய்ச்சுகிற தண்ணீரில் 25 ஏக்கர் சோளமோ கம்போ விளைவிக்கலாமே என்று கணக்கு காட்டினார். விடுவாரா, வாத்தியாராச்சே!

இன்னொரு பக்கமும் இருக்கிறது. 1965, 66-ல் அடுத்தடுத்து மழை பொய்த்தது. அமெரிக்கக் கப்பல் கோதுமை கொண்டுவந்தால்தான் ரேஷனில் கோதுமை என்கிற நிலைமை. அந்தப் பசியில் நாட்டுக்குச் சோறு வேண்டும் என்று ஓடியவர் சுவாமிநாதன். மண்ணைக் கவனிக்காமல், மருந்தையும் நிலத்தடி நீரையும் கண்டபடி பயன்படுத்தினால் ஆபத்து என்று 1968-ம் வருஷம் வாராணசி அறிவியல் மாநாட்டிலேயே எச்சரித்தவரும் அவர்தான். ஊர் எச்சரிக்கையை விட்டுவிட்டு மூட்டையை மட்டும் வாங்கிக்கொண்டது! சுவாமிநாதனும் 2023 செப்டம்பரில் போய்விட்டார். இரண்டு பெரியவர்களுக்கும் கவலை ஒன்றுதான். விவசாயி என்ன ஆவான்?

சாவேயின் வழியை அவசரத்தில் பிடித்துக்கொண்டாலும் ஆபத்து. பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. இலங்கையில் 2021-ல் ரசாயன உர இறக்குமதிக்குத் திடீரென்று தடை போட்டார்கள். நெல்லும் தேயிலையும் அடி வாங்கின. விவசாயிகள் தெருவுக்கு வந்தார்கள். அந்த நவம்பரிலேயே தடையை விலக்க வேண்டியதாயிற்று. சாவே செய்தது ஒரே ராத்திரி வேலை இல்லை. தன் நிலம், தன் கணக்கு, கொஞ்சம் கொஞ்சமாக, பலன் தெரிந்தபிறகு அடுத்த அடி. அரசாங்க உத்தரவால் வருகிற காரியம் இல்லை அது.

கடைசியாக, ஆபீஸ் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து "வேலையை விட்டுட்டு ஊருக்குப் போய் விவசாயம் பார்க்கப் போறேன் மச்சி" என்று டீ டயத்தில் சொல்லாத ஆள் உண்டா? சொல்லுங்கள், தப்பில்லை. ஆனால் ராஜினாமா கடிதத்தை எழுதுவதற்கு முன்னால், இந்த ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு போன் போட்டு அப்பாவிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். 'எத்தனை மூட்டை கண்டது?' என்று எல்லாரும்தான் கேட்கிறார்கள். நீங்கள், "போன போகத்துல செலவு போக என்னப்பா மிஞ்சுச்சு?" என்று கேளுங்கள்.

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தம் வராது. போனை வைத்துவிடாதீர்கள். அவர் மனசுக்குள் கணக்கு போட்டுக்கொண்டிருப்பார்!