அழகர் ஆற்றில் இறங்குவது ஏன்?

மதுரைப் பகுதியில் ஊழியஞ் செய்யும் போதகர் எவரும் சித்திரைத் திருவிழாவைக் காணாதவர்போல் கடந்து செல்லவியலாது. அந்நாட்களில் சபையாரின் உறவினர் பலர் மொட்டையடித்த தலையோடு வீடுகளில் வந்து தங்குவர். அவர்கள் எதற்காக வந்துள்ளனர் என்பதை நாம் அறிந்திருக்கிறோமா?

பெரும்பாலோர் அறிந்த கதை இது: தங்கை மீனாட்சியின் திருமணத்திற்கு அண்ணனாகிய அழகர் சீர்வரிசையுடன் மலையிலிருந்து புறப்பட்டு வருகிறார். வைகையை அடையும்போதே திருமணம் முடிந்துவிட்டது என்னும் செய்தி எட்டுகிறது. சினங்கொண்டு நகருக்குள் நுழையாமல் ஆற்றோடு வண்டியூர் சென்று திரும்புகிறார்.

இக்கதை மீனாட்சி கோயிலின் புராண மரபிலும் இல்லை, அழகர் கோயிலின் மரபிலும் இல்லை. பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணம் வேறொன்று கூறும். மலயத்துவச பாண்டியனுக்கு வேள்வித் தீயில் மூன்று தனங்களோடு தோன்றிய தடாதகை, முடிசூடித் திக்குவிசயம் செய்து, கயிலையில் சிவனைக் கண்டபோது ஒரு தனம் மறைய, அவரையே மணாளனாக அறிகிறாள். விழாவில் எட்டாம் நாள் பட்டாபிஷேகமும், ஒன்பதாம் நாள் திக்குவிசயமும், பத்தாம் நாள் திருக்கல்யாணமும் நிகழ்வது இவ்வரிசைப்படியே. அன்று தாரை வார்த்துக் கொடுக்கும் திருமால், திருப்பரங்குன்றத்திலிருந்து வரும் பவளக்கனிவாய்ப் பெருமாளே. அவர் காலந் தாழ்த்துவதில்லை! மணமான பெண்கள் அன்று தாலிக்கயிற்றை மாற்றிக்கொள்வது வழக்கம்.

அழகர் வருவதற்கு வைணவர் கூறும் காரணம் முற்றிலும் வேறு. நூபுர கங்கையில் நீராடித் திருமாலைத் தியானித்திருந்த சுதபஸ் முனிவர், அங்கு வந்த துர்வாசரைக் கவனியாமையால் தவளையாகுமாறு சபிக்கப்பட்டார். மண்டூக முனிவரான அவருக்கு வைகையில் மோட்சம் அளிக்கவே அழகர் எழுந்தருளுகிறார். இவ்விழா முன்னர்ச் சோழவந்தானை அடுத்த தேனூரில் நடைபெற்றதென்பர். 1623 முதல் 1659 வரை ஆண்ட திருமலை நாயக்கர், மாசியில் நடந்த மீனாட்சி திருமணத்தைச் சித்திரைக்கு மாற்றி, தேனூர் விழாவை மதுரைக்குக் கொணர்ந்து இரண்டையும் இணைத்தார் என்பது வழிவழிச் செய்தி. சித்திரைத் தேர் இன்றும் மாசி வீதிகளிலேயே ஓடுகிறது. முனிவர் மோட்சம் பெறும் மண்டபம் இன்றும் தேனூர் மண்டபம் என்றே வழங்குகிறது. ஊர்ப்பெயரும் தெருப்பெயரும் ஏடுகளை விட நீண்ட நினைவுடையவை.

அருகருகே வைக்கப்பட்ட இவ்விரு விழாக்களையும் இணைக்க ஒரு கதை வேண்டியிருந்தது. அதை இயற்றியவர் பட்டரோ புலவரோ அல்லர், மக்களே. ஐந்நூல்களில் மரபுகள் இணைந்த வரலாற்றைக் கற்கும் நம் மாணவர்க்கு இது விளங்காததன்று.

இளம்போதகராயிருந்த நாட்களில், தெருப்பிரசங்கம் ஒன்றில் இக்கதையை எடுத்துரைத்து, தங்கை திருமணத்திற்கே நேரத்தோடு வர இயலாதவர் உம்மை எப்படிக் காப்பார் என்று நகைத்துப் பேசினோம். கூட்டத்திலிருந்த முதியவர் ஒருவர் சற்றும் சினமின்றி, "ஐயா, கூடப்பொறந்தவ கல்யாணத்துக்குப் போய்ச் சேர முடியாம நின்ன அண்ணன் வலி ஒங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டார். நமக்கு விடை வரவில்லை. சீர் கொண்டு வரும் தாய்மாமனின் இடமும், காத்திராமல் தாலி கட்டிவிட்ட வீட்டாரின்மீது எழும் மனத்தாங்கலும் அந்தக் கதையில் அடங்கியிருந்ததை நாம் காணவில்லை. ஒன்பதாம் கட்டளை (லூத்தரன் சபையார் கணக்கில் எட்டாவது) அயலானின் சமயத்தைக் குறித்துப் பேசும்போதும் நம்மைக் கட்டுப்படுத்துகிறது என்பதை அன்றே உணர்ந்தோம்.

வழக்கங்களிலும் கவனிக்கத்தக்கவை பல. அழகர் பதினெட்டாம்படிக் கருப்பசாமி சந்நிதியில் விடைபெற்று, கையில் வளரியும் தடியும் ஏந்திய கள்ளர் கோலத்தில் புறப்படுகிறார். வழியெங்கும் மண்டகப்படிகள். தல்லாகுளத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் சூடிக்களைந்த மாலையை அணிந்து, தங்கக் குதிரை ஏறி ஆற்றில் இறங்குகிறார். பட்டு பச்சையானால் ஆண்டு செழிக்கும் என்பர். தோல்பையில் நீர் நிரப்பிப் பீய்ச்சுவோர், திரியெடுத்து ஆடுவோர், சர்க்கரை நிரப்பிய செம்பின்மேல் சூடமேற்றி நிற்கும் பெண்கள் என்று ஆற்றங்கரை நிறைந்திருக்கும். வண்டியூரில் அவர் துலுக்க நாச்சியார் வீட்டில் இராத் தங்குவதாகப் பொதுமக்கள் சொல்வர். உண்மையில் எழுந்தருள்வது வீரராகவப் பெருமாள் கோயிலில். எனினும் இஸ்லாமியப் பெண்ணொருத்திக்கும் கதையில் இடமளித்தது மக்கள் மனமே. கள்ளர், இடையர், பள்ளர், பறையர், வலையர் ஆகியோருக்கும் இக்கோயிலுக்குமுள்ள தொடர்பை விரிவாய் ஆராய்ந்தவர் தொ. பரமசிவன், அவரது 'அழகர் கோயில்' 1989இல் நூலாக வெளிவந்தது. இறையியல் மாணவர் அதனைத் தவறாது கற்க வேண்டும்.

ஆயினும் எல்லாம் இனிமையே என்று எழுதுதல் நேர்மையாகாது. மண்டகப்படியில் யாருக்கு முதல் மரியாதை என்பது சாதிப் பூசலாக மாறுவதுண்டு. 2022இல் ஆற்றில் ஏற்பட்ட நெரிசலில் இருவர் மாண்டனர். (மரியாதைப் பூசலில் நம் சபைகளும் பின்தங்கியவை அல்ல.)

போதகரிடம் வரும் கேள்வி பெரும்பாலும் எளியது. புதிதாய்த் திருமுழுக்குப் பெற்ற மருமகள் கேட்கிறாள்: "ஐயரே, அத்தை சர்க்கரைச் செம்பைப் பிடிக்கச் சொல்றாங்க, என்ன செய்யட்டும்?" 1 கொரிந்தியர் 10இல் பவுல், கடையில் விற்கும் இறைச்சியையும், படைக்கப்பட்டது என்று அறிவிக்கப்பட்ட இறைச்சியையும் வேறுபடுத்துகிறார். திருவிழாவுக்கு வந்த உறவினர்க்குச் சோறு சமைப்பதும், கரையில் தாகத்தோடு நிற்போர்க்கு நீர்மோர் வழங்குவதும் முதல் வகையைச் சேரும் என்றும், செம்பேந்தி நிற்பது வழிபாட்டுச் செயலாதலால் இரண்டாம் வகையைச் சேரும் என்றும் நாம் கூறிவருகிறோம். அத்தையிடம் அதை எவ்வாறு எடுத்துச் சொல்வது என்பதை, அந்த வீட்டிற்கே சென்று, இருவரையும் அமரவைத்துப் பேசியே முடிவு செய்கிறோம்.