அச்சு வேலையும் அவசரக்காரர்களும்

ஆடிப் பெருக்கன்று அடுத்த ஆண்டின் காலண்டர் மாதிரிகளை வெளியிடுவது சிவகாசி அச்சுக்கூடங்களின் நெடுநாளைய வழக்கம். அன்று தொடங்கும் வேலை ஜனவரி முதல் தேதிக்குள் முடிந்தாக வேண்டும். ஜவுளிக்கடை முதல் மளிகைக்கடை வரை தங்கள் பெயரைத் தாங்கிய காலண்டரை ஜனங்களின் வீட்டுச் சுவரில் மாட்டி வைக்க விரும்பும் வர்த்தகர்கள் அனைவருக்கும் இந்த ஐந்து மாத காலமே தவணை. விளம்பர அச்சு வேலை பெருமளவில் நடைபெறும் விதத்தை அறிய விரும்புவோர் இதனைக் கவனித்தால் போதும்.

அவ்வூருக்கு இத்தொழில் வந்த வரலாறும் மறக்கத்தக்கதன்று. 1920-களின் தொடக்கத்தில் அய்ய நாடார், சண்முக நாடார் என்னும் இரு இளைஞர்கள் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினர். அந்நிய நாட்டுத் தீப்பெட்டிகள் நம் கடைகளை நிறைத்திருந்த காலம் அது. பெட்டிக்குப் பெட்டி சீட்டு ஒட்ட வேண்டுமல்லவா? அச்சீட்டுகளுக்கு வெளியூரை நம்பியிராமல் அங்கேயே கல்லச்சு யந்திரங்கள் நிறுவப்பெற்றன. பின்னர் பட்டாசு உறை, காலண்டர், டயரி, சுவரொட்டி என வேலை பெருகிற்று. மழை குறைந்த கரிசல் பூமியில் ஒரு சுதேசித் தொழில் மற்றொரு சுதேசித் தொழிலைப் பெற்றெடுத்தது.

நிற்க. இத்தொழிலுக்கு இன்று நேரும் துன்பங்களில் பெரியது, வேலை கொடுப்போரின் அவசரமே என்பது நமது அபிப்பிராயம். விளம்பர வாசகத்தைப் பற்றி மாதக்கணக்கில் ஆலோசிப்பவர்கள், அச்சிடுவதற்கு மட்டும் நான்கு நாள் தருகிறார்கள். பத்து லட்சம் துண்டுப் பிரசுரம் என்று சொல்வது எளிது. அதன் பளுவை எண்ணிப் பார்த்தவர் எத்தனை பேர்? சதுர மீட்டருக்கு 80 கிராம் எடையுள்ள காகிதத்தில் ஏ4 அளவுப் பிரதி ஒன்று ஐந்து கிராம். பத்து லட்சம் பிரதி 5,000 கிலோ. ஐந்து டன் காகிதம் வந்து, அச்சேறி, வெட்டப்பட்டு, கட்டப்பட்டு, பல ஊர் போய்ச் சேர வேண்டும்.

இவற்றில் எப்படியையும் தாண்டிச் செல்ல இயலாது. நீலம், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு ஆகிய நான்கு மைகளுக்கும் தனித்தனித் தகடு வேண்டும். நான்கும் ஒன்றன்மேல் ஒன்று இம்மியும் பிசகாமல் பொருந்தும் வரை ஓடும் தாள்கள் கழிவே. காகிதம் ஈரத்தை ஏற்றால் நீளும். நீண்டால் வர்ணம் விலகும். மை உலருமுன் அடுக்கினால் ஒரு தாளின் மை மறு தாளின் முதுகில் படியும். அடைமழைக் காலத்தில் வேலையைத் திணித்து, உலர நேரமும் தராமல், படம் மங்கிவிட்டதென்று கோபிப்பதில் நியாயமுண்டோ? மேலும், மாதிரிப் பிரதியைப் பாராமலே கையெழுத்திடுவோர், விலாசத்தில் ஓர் எண் தவறினால் அத்தவறு பத்து லட்சமாகப் பெருகும் என்பதை உணரவேண்டும்.

அச்சான பின்னும் பாதி வேலை எஞ்சியிருக்கிறது. நெல்லூருக்குத் தெலுங்குப் பிரதியும், பாலக்காட்டுக்கு மலையாளப் பிரதியும் சேரவேண்டிய இடத்தில் கட்டுகள் மாறிப்போனால், அவை நிறுவைக்குப் போடும் பழங்காகிதமே. ஆகவே எந்த ஊருக்கு எத்தனை, யாரிடம், என்றைக்கு என்னும் ஜாபிதாவே முதலில் தயாராக வேண்டும். கட்டுதோறும் ஊர், பாஷை, எண்ணிக்கை மூன்றும் எழுதப்பட வேண்டும். வெளி மாநிலத்துக்குச் செல்லும் சரக்கு 50,000 ரூபாய் மதிப்பைத் தாண்டினால் ஈ-வே பில்லும் உடன் செல்லவேண்டும். தீபாவளி விற்பனைக்கான பிரசுரம் தீபாவளிக்கு மறுநாள் வந்து பயன் என்ன?

தேர்தல் காலத்து அவசரம் இன்னும் பொல்லாதது. 1951-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 127ஏ பிரிவின்படி, தேர்தல் பிரசுரத்தில் அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயரும் விலாசமும் இருந்தாக வேண்டும். வெளியிடுபவர் இரண்டு சாட்சிகளுடன் கையொப்பமிட்ட பத்திரத்தையும் தரவேண்டும். மீறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பிரமுகரின் அவசரத்துக்கு இணங்கி இவற்றை விட்டுவிட்டால், வழக்கு அச்சுக்கூடக்காரரின் வாசலுக்கும் வரும்.

கடைசியாகக் கூலி விஷயம். இரவைப் பகலாக்கி வேலை வாங்குவோர், பணம் கொடுப்பதில் மட்டும் சாவதானமாக இருக்கிறார்கள். சிறு தொழில்களிடம் சரக்கை ஏற்றுக்கொண்டவர், ஒப்பந்தம் எதுவாயினும் 45 நாட்களுக்குள் தொகையைச் செலுத்த வேண்டுமென்று 2006-ஆம் ஆண்டுச் சட்டம் விதிக்கிறது. தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் விகிதத்தைப்போல் மும்மடங்கு கூட்டு வட்டி. ஆயினும் அடுத்த ஆண்டு வேலை கைநழுவுமே என்றஞ்சி, இந்த உரிமையைக் கேட்கத் தயங்கும் சிறு அச்சுக்கூடங்கள் பல.

இத்தயக்கம் நீங்க ஒரே வழி, அச்சுக்கூடத்தார் ஒன்றுகூடி நிற்பதே. தனியொருவர் கேட்டால் வேலை பறிபோகலாம். ஊரே கேட்டால் யாரிடம் போவார்கள்? வர்த்தகர்களுக்கும் ஒரு வார்த்தை: நாட்கணக்கைத் திட்டமிட்டு வேலை கொடுங்கள், மாதிரியைப் படித்துக் கையெழுத்திடுங்கள், சொன்ன நாளில் பணம் தாருங்கள். உங்கள் பெயரை நாடெங்கும் கொண்டு செல்லும் கைகள் அந்தத் தொழிலாளிகளுடையவை. அக்கைகளை வாட விடுவது தர்மமுமன்று, வியாபாரமுமன்று.