தாழ்ப்பாளை எதால் துடைப்பது?

2020 மார்ச்சில் கொரோனா பயம் பரவியபோது, தமிழ்நாட்டில் ஊர் ஊராக மஞ்சளும் வேப்பிலையும் கரைத்து வாசல் தெளித்தார்கள். ஆடி மாதம் முழுக்க மாரியம்மனைக் கொண்டாடும் சேலத்துக்காரர்களுக்கு மஞ்சளும் வேப்பிலையும் நோயை விரட்டும் என்ற இந்த நம்பிக்கை எவ்வளவு ஆழமானது என்று சொல்லத் தேவையில்லை. ஆனால் மஞ்சளின் கிருமி எதிர்ப்புக்குக் காரணமாகச் சொல்லப்படும் குர்குமின் தண்ணீரில் அனேகமாகக் கரையாது. தவிர, நாம் வாசலையா நாளெல்லாம் தொடுகிறோம்? தாழ்ப்பாள், சுவிட்ச், குழாய்த் திருகு, ஃபிரிட்ஜ் கைப்பிடி, டிவி ரிமோட் இவற்றைத்தான்.

இவற்றில் படிவது பெரும்பாலும் கை எண்ணெய்ப் பிசுக்கு. பிசுக்கில் அழுக்கு ஒட்டும், அதில் கிருமி ஒட்டும். பிசுக்கை எடுக்கும் வித்தை சேலம் அம்மாபேட்டையின் பட்டுத் தறிக்காரர்களுக்குத் தெரியாததல்ல. கச்சாப் பட்டின் எடையில் ஏறக்குறைய கால் பங்கு செரிசின் என்ற பசைதான். சோப்பும் சோடா உப்பும் போட்டுக் கொதிக்க வைத்தால் அது கழன்று, வெண்பட்டு மினுங்கும்.

வீட்டுக்கு அந்தச் சோப்பின் இடத்தில் பூந்திக்கொட்டை போதும். பத்துக் கொட்டையை விதை நீக்கி ராத்திரி ஊற வையுங்கள். காலையில் ஒரு கொதி விட்டுப் பிசைந்து வடிகட்டினால் நுரை பொங்கும். அதிலுள்ள சபோனின் மூலக்கூறின் ஒரு முனை எண்ணெயைப் பிடிக்கும், மறுமுனை தண்ணீரைப் பிடிக்கும். பிசுக்கு துணியோடு வந்துவிடும். இது கிருமியைக் கொல்லும் என்று நம்பிவிட வேண்டாம், அள்ளிக்கொண்டு போகும், அவ்வளவுதான். அன்றாடத்துக்கு அதுவே பெரிய காரியம். இரண்டு மூன்று நாளில் புளித்துவிடும் என்பதால் கொஞ்சமாகச் செய்யுங்கள். சுவிட்சில் நேராகத் தெளிக்காமல், நனைத்து நன்றாகப் பிழிந்த துணியால் துடையுங்கள்.

உலோகத்தின் கதை இன்னும் சுவாரசியம். கொரோனா வைரஸ் செம்பின் மேல் 4 மணி நேரத்துக்குப் பிறகு உயிர்ப்போடு தென்படவில்லை. ஸ்டெயின்லெஸ் ஸ்டீலிலும் பிளாஸ்டிக்கிலும் 72 மணி நேரம் வரை தென்பட்டது என்று 2020-ல் அமெரிக்க ஆய்வொன்று காட்டியது. ஸ்டீலுக்குப் பேர்போன சேலத்தில் இதைச் சொல்வது எனக்கும் சங்கடம்தான்! பித்தளையிலும் பெரும்பங்கு செம்புதான். பழைய வீட்டுப் பித்தளைத் தாழ்ப்பாளைக் கழற்றி எறியாதீர்கள். புளி தேய்த்தால் அதன் அமிலம் கறையைக் கரைத்து, உலோகத்தை மறுபடி வெளியே கொண்டுவரும்.

எலுமிச்சையும் வினிகரும் குழாயின் உப்புக்கறைக்கு நல்லவை, மார்பிள் தரைக்கு ஆகாது.

வீட்டில் யாருக்காவது வாந்தி பேதி என்றால் இந்தக் கைவைத்தியமெல்லாம் போதாது. வாந்தி பேதியை உண்டாக்கும் நோரோ போன்ற வைரஸ்களுக்குக் கொழுப்பு உறை இல்லாததால் சோப்பும் அவற்றை எளிதில் உடைக்காது. ஒரு லிட்டர் தண்ணீரில் இரண்டு டீஸ்பூன் புது பிளீச்சிங் பவுடர் கரைத்துத் துடைத்து, பத்து நிமிடம் விட்டுக் கழுவுங்கள். அந்தக் கரைசலோடு எலுமிச்சையோ வினிகரோ சேரவே கூடாது. சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பி நுரையீரலைத் தாக்கும்.