வன்னி நிலமும் கமராக் கண்ணும்

வன்னி நாட்டின் எழிலைக் கண்டு மகிழாதார் இலர். ஆயினும், அவ்வெழிலைப் படம் பிடித்து வீடு சென்று நோக்குவோர் பலர், "நேரிற் கண்ட அழகு படத்தில் இல்லையே" என மனங்குறைதல் இயல்பாயிற்று. கமராவின் விலை குறைந்தமையே இதற்குக் காரணம் என்பாரும் உளர். அஃது உண்மையன்று. கண் காணும் முறை வேறு. கமரா காணும் முறை வேறு. கண் காட்சியெங்கும் உலாவி, வேண்டியதைப் பற்றி, வேண்டாததை விலக்கும். இருளிற் புகுந்தால் விரிந்தும் ஒளியிற் புகுந்தால் சுருங்கியும் நொடிதோறும் தன்னைத் திருத்திக்கொள்ளும். கமராவோ முன்னுள்ள யாவற்றையும் ஒரே அளவையால் ஒரே சட்டத்துள் அடக்கிவிடுகின்றது. ஆதலின், மனம் செய்யும் தெரிவைப் படம் பிடிப்பவரே முன்கூட்டிச் செய்தல் வேண்டும். "நம்மை ஈண்டு நிற்கச் செய்தது யாது?" என்னும் வினாவுக்கு ஒரு சொல்லில் விடை கிடைத்த பின்னரே கமராவை எடுத்தல் நன்று.

அடுத்து நோக்கற்பாலது ஒளி. காலையிலும் மாலையிலும் சூரிய கிரணங்கள் வளிமண்டலத்தை நெடுந்தூரம் ஊடறுத்து வருதலின், நீலநிறம் சிதறுண்டு போகச் செம்மையும் மஞ்சளும் எஞ்சுகின்றன. ஒளி சாய்ந்து விழுதலால் வரம்பும் புல்லும் மரப்பட்டையும் நிழல் பெற்றுத் திரட்சியோடு தோன்றும். உச்சிவேளையில் நிழல் காலடியில் ஒடுங்கிவிடுதலின் நிலம் தட்டையாகின்றது. கிளிநொச்சிக்குச் சித்திரைப் புத்தாண்டையொட்டியும் ஆவணி நடுப்பகுதியையொட்டியும் நண்பகற் சூரியன் நேர் தலைக்கு மேல் நிற்கும். அந்நாள்களில் நண்பகற் படம் பெரிதும் பயன்படாது. மேலும், நமது நாடு நிலநடுக்கோட்டுக்கு அணித்தாயிருத்தலின் சூரியன் ஏறக்குறைய நிலைக்குத்தாகவே எழுந்து மறையும். ஆகவே பொன்னொளி நீடித்து நில்லாது. ஐரோப்பியர் தம் நாட்டு மாலையை எண்ணி எழுதிய நூல்களை நம்பி நாம் தாமதித்தல் ஆகாது. சூரியோதயத்திற்கு அரைமணி முன்னரே இடத்திற் சேர்ந்துவிடுதல் வேண்டும்.

ஒளி வரும் திசையை அறிதலும் இன்றியமையாதது. இரணைமடுக் குளத்தை உதாரணமாகக் கொள்வோம். 1902 இல் வேலை தொடங்கப்பெற்ற இக்குளம் வடக்கு நோக்கிப் பாயும் கனகராயன் ஆற்றைத் தடுத்து அமைந்தது. ஆதலின் குளக்கட்டில் நிற்பவருக்கு நீர்ப்பரப்பு தெற்கே விரிகின்றது. மார்கழியில் சூரியன் தென்கிழக்கில் உதித்துத் தென்மேற்கில் மறையும். அப்போது ஒளி நீரின்மேல் எதிர்வர, பட்ட மரங்களும் தோணிகளும் கருநிழலாய்த் தோன்றும். ஆனியில் வடகிழக்கில் உதித்தலின், ஒளி நமது பின்பக்கமிருந்து விழுந்து நீரின் நிறத்தையும் கரைக்காட்டின் பசுமையையும் காட்டும். ஒரே இடத்தில் நின்றும் இருவேறு படங்கள்! முல்லைத்தீவிலோ, கடற்கரை கிழக்கு நோக்கியது; நந்திக்கடல் ஊருக்கு மேற்கே கிடப்பது. காலைப் படத்திற்குக் கடலும் மாலைப் படத்திற்குக் களப்பும் உரியன.

வன்னி பெரிதும் சமநிலம். மலையில்லாக் காட்சியில் ஆழம் தோன்றச் செய்வது எங்ஙனம்? அண்மையில் ஏதேனும் ஒன்றை வைத்தலே வழி. துருசின் கல், வரம்பின் வளைவு, மருதமரத்தின் வேர், சேற்றில் உலர்ந்த வெடிப்பு ஆகியன கண்ணைப் படத்தினுள் அழைத்துச் செல்லும் படிகள். கமராவை முழங்காலளவிற்குத் தாழ்த்தினால் அவை பெருகும். குளக்கட்டின்மேல் ஏறினால் வயற்கோலம் விரியும். அடிவானத்தைப் படத்தின் நடுவில் வெட்டவிடாது, மாரி முகிலே சிறப்பாயின் தாழ்த்தியும், நிலமே சிறப்பாயின் உயர்த்தியும் வைத்தல் வேண்டும். நீர்ப்பரப்பின் கோடு சரிந்துவிட்டால் குளமே கவிழ்வது போலாகும்.

இனி அளவைகள். நல்ல வெயிலில் வில்லையின் துவாரத்தை 16 என்னும் எண்ணில் வைத்து, ஒளியுணர்திறன் 100 ஆயின் நொடியில் நூற்றிலொரு பங்கு நேரம் ஒளியை விடுதல் பழையோர் கண்ட எளிய விதி. பெரிய எண் சிறு துவாரத்தைக் குறிக்கும். அண்மையும் சேய்மையும் ஒருங்கே தெளிவுறும். அமெரிக்கரான ஆன்செல் அடம்ஸ் 1941 இல் ஹெர்னாண்டெஸ் என்னும் சிற்றூரின்மேல் நிலவெழும் தமது புகழ்பெற்ற படத்தை எடுத்தபோது ஒளிமானி கைக்கு அகப்படவில்லை. நிலவின் ஒளியளவை அவர் நினைவில் வைத்திருந்தமையாற் கணக்கிட்டு எடுத்தார். அறிவு கருவிக்கு முற்பட்டது என்பதற்கு இது சான்று. இன்றைய கமரா தானே அளக்குமெனினும், எதையும் நடுத்தரச் சாம்பல் நிறமெனவே அது கருதும். கரிய நீரில் நிற்கும் வெண்கொக்கு வெளிறிப்போவது இதனாலேயே. அவ்விடத்து ஒளியை ஒருபடி குறைத்தல் வேண்டும். கைத்தொலைபேசியாயின், திரையிற் கொக்கின்மீது விரல் வைத்தால் அளவை அதற்கேற்ப அமையும். தொலைபேசித் திரையை விரலால் விரித்துப் பெருப்பித்தல் தவிர்க்கற்பாலது. அது பெரும்பாலும் படத்தின் ஒரு துண்டை ஊதிக் காட்டுவதேயாம்.

பறவைப் படத்திற்குப் பொறுமையே முதற் கருவி. 1938 இல் பறவைச் சரணாலயமாகி 2015 இல் தேசியப் பூங்காவான சுண்டிக்குளத்திலும், 1951 இல் சரணாலயமான கொக்கிளாயிலும் ஐப்பசி முதல் பங்குனி வரை வலசைப் பறவைகள் தங்குகின்றன. பறக்கும் பறவைக்கு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம் வேண்டும். பூநாரைக் கூட்டத்தை எழுப்பிப் படம் பிடித்தல் அவற்றின் இரையையும் வலுவையும் பறிப்பதாகும்; கூடுகளை நெருங்குதல் அதனினும் கொடிது. நாவலாசிரியர் அ. மாதவையாவின் மைந்தராகிய மா. கிருஷ்ணன் (1912–1996), பல கமராக்களின் உறுப்புகளைப் பொருத்தித் தாமே அமைத்த கருவியால், கறுப்பு வெள்ளையிலேயே இந்தியக் காட்டுயிர்களைப் படம் பிடித்தார். விலங்கின் இயல்பை அறிந்தமையே அவர் படங்களின் உயிர்.

இளைஞர்க்கு ஓர் எச்சரிக்கை. நல்ல கோணம் தேடி அறியாத பற்றைக்குள் இறங்கற்க. மிதிவெடி அபாயப் பலகை உள்ள இடத்தில் ஓரடியும் வைத்தல் கூடாது. பழகிய பாதையை விட்டு நீங்காதீர். அந்திவேளை யானை நடமாடும் வேளையுமாம் என்பதை மறவாதீர்.

இவ்வளவும் ஏன் வேண்டும் எனச் சிலர் வினவலாம். 2009 இல் முடிவுற்ற போரின்போது ஊர்விட்டு ஊர் பெயர்ந்த வன்னிக் குடும்பங்கள் பல, உடுத்த உடையோடு சென்றன. படங்கள் வீட்டோடு அழிந்தன. தம் தந்தையார் நட்ட மாமரம் எப்படியிருந்தது என்று பிள்ளைக்குக் காட்ட இன்று ஒரு படமும் இல்லாதார் நம்மிடையே உளர். போருக்குப் பின்னர் வந்தோர் பலர் இடிந்த சுவர்களையே பிடித்துச் சென்றனர். இடிபாடு உண்மையே, ஆயினும் அதுவே வன்னி அன்று. நெற்கதிரும் குளமும் பாலைமரமும் வன்னியே. அவற்றைப் பதிவு செய்தல் இங்கு வாழ்வாரின் கடன்.

எனவே மாணவர் ஒவ்வொருவரும் தம் ஊர்க்குளத்தை, ஒரே இடத்தில் நின்று, மாதம் ஒருமுறை படம் பிடிப்பாராக. ஒவ்வொரு படத்தின்கீழும் நாள், இடம், நோக்கிய திசை, நீர்மட்டம் ஆகியவற்றைக் குறித்து, இரண்டு பிரதிகள் வேறுவேறு வீடுகளில் வைத்தல் வேண்டும். பழைய மாணவர் தம்மிடம் எஞ்சிய பழம் படங்களைப் பிரதிசெய்து கல்லூரி நூலகத்திற்கு உதவுவாராக. 2018 மார்கழி வெள்ளம் எதுவரை வந்தது, எந்த மருது நின்றது, எது வீழ்ந்தது என்பனவற்றை நாளைய தலைமுறை அப்படங்களிற் கண்டறியும். அழகிய படம் ஒருவருக்கு இன்பம் தரும். நாளும் இடமும் குறித்த அழகிய படம் ஓர் ஊருக்கே உறுதியாகும்.